பற்றரிக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் ஏ-32 வீதியில், ஜெயபுரம் சந்தியில், ஒரு மாலை நேரம். அசரிலிருந்து வேனை நிறுத்தி வியாபாரம் செய்துகொண்டிருந்தார் எமது சகோதரர் ஒருவர். யோகட், குளிர்பானம், பொதி செய்த கோழி இறைச்சி என்று பெட்டி நிறையச் சாமான். விற்பனை மோசமில்லை. மஃரிப் நேரமாகியது, கிளம்புவோம் என்று சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. வயலிலிருந்து திரும்பிய உழவு இயந்திரக்காரத் தம்பி ஒருவர் எட்டிப்பார்த்து, "என்ன நானா, பற்றரி இறங்கிட்டுது போல?" என்று கேட்டு, தன் பற்றரியிலிருந்து வயர் போட்டு எஞ்சினை உயிர்ப்பித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஆனால் அதற்குள் இரண்டு மணித்தியாலம் போய்விட்டது. குளிர் போன கோழி இறைச்சியை விற்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. அன்றைய இலாபம் மட்டுமல்ல, முதலிலும் ஒரு பகுதி குப்பைக்குப் போனது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வேனில் பற்றரி ஒன்றல்ல, இரண்டு. முன்னால் எஞ்சினுக்கு ஒன்று, பின்னால் குளிர்பெட்டிக்கென்று 100 அம்பியர் மணி கொண்ட இன்னொன்று. காலையில் டேஷ்போர்டில் இருந்த சிறிய வோல்ட் மீற்றர் 12.7 காட்டியது. "நிறைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டார்.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் இந்த வீதி மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நேராக இணைக்கும் வியாபாரப் பாதையாகிவிட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளத்தில் வாழ நேர்ந்தவர்களில் பலருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் யுத்தத்தின் பின் மீண்டும் வடக்கே கடை போடக் கிடைத்த முதல் இடம் வேனின் பின்கதவுதான். அன்று துணியும் அலுமினியச் சட்டியும் விற்றவர்களுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. இன்று குளிர்பெட்டி, எல்.ஈ.டி. விளக்கு, ஒலிபெருக்கி, போன் சார்ஜர் எல்லாம் வேண்டும். சூன்பாண் முச்சக்கர வண்டி கூட இசை போடாமல் ஓடுவதில்லையே! சுற்றுலாப் பயணிகள் உள்ளே படுத்துறங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் பயணம் செய்யும் வேன்களில் இருக்கும் மின் ஏற்பாடு எதுவோ, அதுவேதான் எமது வியாபார வேனிலும் இருக்கிறது. அவர்கள் மீற்றர் பொருத்தி அளக்கிறார்கள், நாம் அல்லாஹ்வின் மேல் பொறுப்பைச் சாட்டி சாவியைத் திருப்புகிறோம். ஒட்டகத்தைக் கட்டிய பிறகல்லவா தவக்குல்?

வோல்ட் மீற்றர் பொய் சொல்வதில்லை. நாம்தான் அதனிடம் தவறான நேரத்தில் கேட்கிறோம். 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரி சில மணித்தியாலங்கள் சும்மா கிடந்த பின் 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0 க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். ஆனால் சற்று முன் எஞ்சின் ஓடியிருந்தால் மேற்பரப்பில் ஒட்டிய சார்ஜினால் அரைகுறைப் பற்றரியும் 12.7 காட்டும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட சம்பவம் நாம் அறிந்ததே. மேலே காய்ந்திருக்கும், உள்ளே ஈரமாயிருக்கும். பற்றரியும் அப்படித்தான். உள்ளே கையை விட்டுப் பார்க்க ஒரே வழி, எவ்வளவு கரண்ட் உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று அளப்பது. கல்லாப்பெட்டியை எட்டிப் பார்ப்பது வேறு, பேரேடு எழுதுவது வேறு.

அவருடைய செலவை இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். குளிர்பெட்டி ஓடும்போது 5 அம்பியர், நின்று நின்று ஓடுவதால் சராசரி 4. 10 வொட் விளக்கு இரண்டுக்கு 1.7. ஒலிபெருக்கி சராசரி 3. போன் சார்ஜர் 1. கூட்டினால் கிட்டத்தட்ட 10 அம்பியர். நிறுத்தி வைத்து 5 மணித்தியாலம் வியாபாரம் செய்தால் 50 அம்பியர் மணி. 100 எழுதியிருக்கிற பற்றரியில் பாதி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே அந்த 50 தான் அவருடைய உண்மையான முதல்.

சரி, வரவு எங்கே? வவுனியாவில் வயரிங் பாஸ் ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு இரண்டு இடத்தில் அளந்தார். முன் பற்றரியில் 14.2 வோல்ட். பின் பற்றரியில் 12.9. இடையில் ஓடிய வயர் 2.5 சதுர மில்லிமீற்றர், வீட்டு பிளக் பொயிண்டுக்குப் போடுகிற வயர். போக 5 மீற்றர், வர 5 மீற்றர் என்றால் அதில் 19 அம்பியர் போகும்போது 1.3 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடுகிறது. வந்து சேர்வதில் குளிர்பெட்டி தன் பங்கை எடுத்தது போக, பற்றரிக்கு மணித்தியாலத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான். ஓட்டம் ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம். வரவு 35, செலவு 50. அதிலும், 50 எடுத்தால் 55 க்கு மேல் திருப்பிப் போட வேண்டிய சாதி இந்தப் பற்றரி. எந்தக் கடை இப்படி ஒரு மாதம் தாங்கும்? அதற்கு முன் இரண்டு பற்றரியை "கொம்பனி சரியில்லை" என்று மாற்றியிருந்தார். கொம்பனி பாவம்.

இன்னொரு பிழையும் இருந்தது. இரண்டு பற்றரியும் நேரடியாகவே பிணைக்கப்பட்டிருந்தன. பின்னால் உள்ளது இறங்கும்போது முன்னாலுள்ளதையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்று போட்டால் ஸ்டார்ட் பண்ண ஒரு பற்றரி எப்போதும் மிஞ்சும். வயரை 16 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றி, இரண்டு முனையிலும் பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வைக்க வேண்டும். பியூஸ் இல்லாமல் தடித்த வயர் இழுப்பது வேனுக்குள் அடுப்பு மூட்டுவதற்குச் சமம்.

பிறகுதான் மீற்றர். கைக்கு அடக்கமான கிளாம்ப் மீற்றர் வாங்குவோர் அது டீ.சீ. கரண்ட் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு ஏ.சீ. கரண்டை மட்டும் அளப்பது மலிவாகக் கிடைக்கும், வேனுக்கு உதவாது. நிரந்தரமாகப் பொருத்துவதென்றால் ஷண்ட் எனும் பித்தளைக் கட்டையுடன் வரும் மீற்றர் நல்லது. கட்டையைப் பற்றரியின் நெகட்டிவ் பக்கம் பூட்டி, எல்லா நெகட்டிவ் வயரையும் அதன் மறுபக்கத்திலேயே சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வயரை நேரே பற்றரிக் கம்பத்தில் மாட்டினாலும் அந்தக் கரண்ட் கணக்கில் வராது. பில் போடாமல் விற்ற சாமான் மாதிரி. பற்றரி முழுதாக நிறைந்த நாளில் மீற்றரை 100 இல் வைத்துவிட வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையாவது. இல்லாவிட்டால் சிறு பிழைகள் சேர்ந்து கணக்குத் தடம் மாறும்.

லிதியம் பற்றரிக்கு மாறும் யோசனை உள்ளவர்களுக்கு இந்த மீற்றர் இன்னும் அவசியம். அது கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்ட் காட்டிவிட்டுத் திடீரென்று கீழே விழும். அதோடு, டைனமோவிலிருந்து நேரே கொடுத்தால் அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்து டைனமோவையே சுட்டுவிடக்கூடும். இடையில் டீ.சீ. சார்ஜர் ஒன்று வேண்டும்.

வன்னியில் மூத்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. பற்றரி கொண்டுபோவதே தடையாயிருந்த யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். ஒரு செய்தி கேட்க எத்தனை மிதி மிதிக்க வேண்டும் என்பது காலுக்கே தெரிந்திருந்தது.

எமது சகோதரர் இப்போது மீற்றர் 60 க்கு வந்தால் ஒலிபெருக்கியை நிறுத்துகிறார், 50 க்கு வந்தால் எஞ்சினைப் போடுகிறார். கடந்த முறை ஜெயபுரத்தில் இஷா வரை நின்றாராம். கிளம்பும்போது மீதி 58.