சொந்த மனைதான்... ஆனா சுவர் வரைக்கும் கட்டலாமா?

"என் இடம், என் காசு. காம்பவுண்டு வரைக்கும் கட்டினா யாருக்கு என்ன?" வீடு கட்டத் தொடங்கும் பலர் கேட்கும் கேள்வி இது. பதில் தெரியாமல் அஸ்திவாரம் போட்டுவிட்டு, பிறகு நோட்டீஸ் வந்ததும் அலைபவர்களும் உண்டு. வரைபடம் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

இரண்டு அளவு, இரண்டும் வேறு

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதை முக்கியமாக இரண்டு வழியில் கட்டுப்படுத்துகிறது.

முதலாவது, தளப்பரப்புக் குறியீடு. எஃப்.எஸ்.ஐ. என்று சொல்வார்களே, அதுதான். எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி, மனைப் பரப்பால் வகுத்தால் கிடைக்கும் எண். உயரம் குறைந்த சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2.

இரண்டாவது, செட்பேக். அதாவது முன்னால், பின்னால், பக்கவாட்டில் விட வேண்டிய காலி இடம். தரையில் உங்கள் வீடு எவ்வளவு இடத்தை அடைக்கலாம் என்பதை நடைமுறையில் முடிவு செய்வது இதுதான்.

"எஃப்.எஸ்.ஐ. 2 இருக்கு சார், முழுசா கட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

30-க்கு 40 அடி மனை. அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. படி மொத்தம் 2,400 சதுர அடி வரை வருகிறது. இப்போது கணக்கு புரிவதற்காக மட்டும், முன்னால் 5 அடியும் மற்ற மூன்று பக்கமும் 4 அடியும் விடுவதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 22-க்கு 31 அடி, அதாவது 682 சதுர அடி. மனையில் ஏறக்குறைய 57 சதவீதம். தரைத்தளமும் முதல் மாடியும் சேர்ந்தால் 1,364 சதுர அடிதான். 2,400 எங்கே, 1,364 எங்கே!

உங்கள் மனைக்கு உண்மையில் எத்தனை அடி என்பது முன்னால் உள்ள சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்தது. பக்கத்து வீட்டைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள்.

அந்த நாலடி எதுக்கு?

வெளிச்சமும் காற்றும் வர, தீப்பிடித்தால் ஆள் நுழைய, மழைநீர் மண்ணில் இறங்க, நாளைக்கு சுவரில் பூச்சு வேலை செய்ய. இரண்டு பேரும் இடம் விடாமல் கட்டினால், நடுவில் ஒழுகும் சுவரை யாராலும் சரிசெய்ய முடியாது.

சுயசான்று: அனுமதி உடனே, பொறுப்பு உங்களுடையது

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட வீடு கட்ட, ஒற்றைச் சாளர இணையதளத்தில் சுயசான்று அளித்து உடனடி அனுமதி பெறலாம். திட்டம் தொடங்கியபோது உயர வரம்பு 7 மீட்டராக இருந்தது. முன்கூட்டிய கள ஆய்வு கிடையாது.

இங்கேதான் கவனம் தேவை. யாரும் வந்து பார்க்கவில்லை என்பதால் விதி இல்லை என்று ஆகாது. "விதிப்படி கட்டுகிறேன்" என்று உறுதி அளிப்பவர் நீங்கள். வரைபடத்தில் 4 அடி காட்டிவிட்டு, மேஸ்திரி சொன்னார் என்று 2 அடி விட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 படி வேலையை நிறுத்தவும், சீல் வைக்கவும், மீறிய பகுதியை இடிக்கவும் அதிகாரம் உண்டு.

தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

• பட்டா, புலப்படம் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையவழிச் சேவையில் செல்போனிலேயே பாருங்கள். பத்திரத்தில் உள்ள அளவோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

• மனையை டேப் பிடித்து அளந்து பாருங்கள். சாலையின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

• பொறியாளரிடம், "என் மனைக்கு நாலு பக்கமும் எவ்வளவு விடணும்?" என்று கேட்டு, நடப்பு விதியின்படி எழுதி வாங்குங்கள்.

• மழைநீர் சேகரிப்புக்கான இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். அது கட்டாயம்.

• அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்று, அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே அளந்து பாருங்கள்.

கோட்டை அழித்துத் திரும்பப் போட பத்து நிமிடம் போதும். எழுப்பிய சுவரை அப்படி மாற்ற முடியாது.