விஷமும் வைத்தியம் செய்யும்!

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போகிற வழியில் பனவடலிசத்திரம் வரும். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷத்தில் அங்கே பல வீடுகளில் அடுப்பெரிய வைப்பது கொல்லையில் கட்டியிருக்கும் நாலு ஆடும் ஒரு மாடும்தான்.

சங்கரன்கோவில் போனால் புற்று மண் வாங்காமல் திரும்புவோமா? சங்கன், பதுமன் என்ற நாகராஜாக்கள் தவம் செய்த தலமல்லவா! பாம்பும் தேளும் அண்டாதிருக்க, அவற்றின் உருவங்களையே காணிக்கை செலுத்துகிறோம். அந்த விஷ ஜந்துக்களிடமே மருந்து கேட்கிறார்கள் இன்றைய விஞ்ஞானிகள்!

"விஷமாவது, மருந்தாவது!" என்று முகம் சுளிக்காதீர்கள். ரத்தக் கொதிப்புக்குத் தரும் 'காப்டோப்ரில்' மாத்திரை, பிரேஸில் நாட்டு விரியன் ஒன்றின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்ததுதான். நம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, விஷத்தைக் கறந்துகொண்டு, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து பாம்புக்கடி மருந்து எடுக்கிறார்கள்.

சரி, ஆடு மாடுகளுக்கு வருவோம். கோமாரி, ஆட்டுக்கொல்லி, தோல் கழலை — மூன்றும் வைரஸ் நோய்கள். 2022-இல் தோல் கழலை நோய் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஆயிரமாயிரமாக மாடுகளைக் கொண்டுபோயிற்று. புண்ணை ஆற்றலாம், காய்ச்சலைத் தணிக்கலாம். வைரஸையே கொல்லும் மருந்து மாட்டு வைத்தியர் கையில் இன்னும் வரவில்லை.

இங்கேதான் தேனீ வருகிறது! அதன் கொடுக்கில் 'மெலிட்டின்' என்றொரு பொருள் உண்டு. 2016-இல் தென்கொரியாவில் கால்நடை மருத்துவ விஞ்ஞானிகள் அதைப் பல வைரஸ்களின்மேல் சோதித்தார்கள். அமெரிக்கக் கண்டத்தில் மாடு, குதிரைகளின் வாயைக் கொப்புளமாக்கும் வைரஸும் அவற்றில் ஒன்று. சோதனைக் குழாயில் அது பெருகுவது குறைந்தது!

ஆனால் அவசரப்படாதீர்கள். மெலிட்டின் வைரஸை மட்டுமா தாக்கும்? அளவு மீறினால் ரத்த அணுக்களையும் உடைத்துவிடும். பகைவனை மட்டும் வெட்டி, வீட்டாரை விட்டுவைக்கும் கத்தியாக அதைத் தீட்டியாக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை யாராவது விஷ மருந்தென்று சொல்லி மாட்டுக்கு எதையாவது கொடுக்க வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்றைக்கு நம் கையிலிருப்பது தடுப்பூசி. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசே இலவசமாகப் போடுகிறது. ஆட்டுக்கொல்லிக்கும் ஊசி உண்டு. ஆட்டம்மைக்கான ஊசியைத் தோல் கழலைக்கு எதிராக மாடுகளுக்குப் போடுகிறார்கள்.

நாளைக் காலையில் பால் ஊற்ற வரும் அம்மாளிடம், "மாட்டுக்கு ஊசி போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாகராஜாவுக்கு நேர்ந்துகொண்டதும் இருக்கட்டும். கால்நடை மருந்தகத்து ஊசியும் இருக்கட்டும்!