சொல்லைச் சோதிக்கும் கலை

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயில்களும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்நகர் வாதத்தின் இலக்கணத்தைக் கற்பித்த இடமும் ஆகும் என்பதை நாம் அத்துணை எண்ணுவதில்லை.

மணிமேகலைக்கு அறவண அடிகள் அளவை இலக்கணம் உரைத்தது காஞ்சியிலேயே என்கிறது அக்காப்பியம். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். அதாவது, நிறுவ வேண்டிய கூற்று. புகை இருத்தலால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இவை பிழைபடும் வகைகளையும் போலிகள் எனப் பிரித்து அடிகள் விளக்குகிறார்.

கிரேக்க நாட்டிலும் இவ்வாராய்ச்சி தழைத்தது. பிளேட்டோ 'கோர்கியாஸ்' என்னும் உரையாடலில் பேச்சுக் கலையைச் சமையல் திறனுக்கு ஒப்பிட்டார். சிறுவர் முன்னே மருத்துவனும் சமையற்காரனும் வழக்காடினால், கசப்பு மருந்து தருபவன் தோற்பான் என்பது அவர் அச்சம். அவருடைய மாணாக்கர் அரிஸ்டாட்டிலோ அக்கலையை ஒதுக்கவில்லை, கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு இலக்கணம் வகுத்தார். பேசுவோரின் பண்பு, கேட்போரின் உணர்ச்சி, கூற்றின் காரணம் ஆகிய மூன்றால் நம்பிக்கை பிறக்கும் என்றார். தேர்தல் மேடையையும் விளம்பரத்தையும் ஆராய்வோர்க்கு இம்மூன்றும் இன்றும் உதவுகின்றன.

1909-இல் காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவின் வாதம் ஒன்றை இவற்றால் அளந்து பார்ப்போம். பெரும்பான்மையோர் பேசுவதால் இந்தியே ஆட்சிமொழியாக வேண்டும் என்றோர்க்கு, எண்ணிக்கையே அளவுகோலானால் மயிலுக்குப் பதில் காக்கையன்றோ தேசியப் பறவையாகியிருக்க வேண்டும் என்று அவர் விடையளித்தார். கேட்போர்க்கு எழும் நகைப்பு உணர்ச்சி, எண்ணிக்கை மட்டும் தகுதியாகாது என்பது காரணம், மயில் திட்டாந்தம்.

ஆயினும், மாணவர் இங்கே நின்றுவிடலாகாது. அடையாளமாக விளங்கும் பறவையும் அன்றாடம் பயன்படும் மொழியும் ஒரு தன்மையனவோ என்று எதிர்த்தரப்பினர் வினவலாம். எண்ணிக்கையே போதும் என்னும் பொதுவிதியை உடைக்க ஒரு விலக்கே போதுமன்றோ என்று அண்ணாவின் தரப்பினர் மறுமொழி கூறலாம்.

இவ்வாறு இருபுறமும் ஆராய்தல் கேட்போரின் கடமை. குடியாட்சியில் முடிவு செய்பவர் கேட்போரே ஆதலின், அவர் ஏமாந்தால் நாடே ஏமாறும். பட்டு வாங்குவோர் சரிகையின் மினுக்கை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. புடவையைத் திருப்பி உட்புறத்து இழையையும் நோக்குகின்றனர். கைதட்டுமுன் சொல்லையும் அவ்வாறே திருப்பிப் பார்ப்போமாக!