மட்டி வாங்கும் இல்லத்தாருக்கு

மும்பையில் குடியேறி வாழும் நம்மவருள் கடலோர ஊர்களைப் பூர்வீகமாகக் கொண்டோர் பலர். தூத்துக்குடியிலும் குமரிக் கரையிலும் பழவேற்காட்டிலும் மட்டியும் சிப்பியும் உண்டு வளர்ந்த அவர்கள், இங்குள்ள மீன் சந்தையில் கோளி இனப் பெண்டிர் ‘திசர்யா’ என்று சொல்லிக் குவியல் குவியலாக விற்பது அதே இனத்துப் பண்டமே என்பதை நாளடைவில் அறிந்துகொள்கின்றனர். கொங்கணக் கரையில் ஒரு பாதி ஓட்டோடு சேர்த்துச் சமைத்து அதனை ‘ஏக்சிப்பி’ என்பர். சிப்பி என்னும் சொல் அவர்களுக்கும் நமக்கும் உறவாயிருப்பது மகிழ்ச்சிக்குரியது. மங்களூரில் அதுவே ‘மருவாய்’, கொச்சியில் ‘கக்கா’.

புரதமும் இரும்புச்சத்தும் நிறைந்த நல்லுணவு இது. ஆயினும், மீனைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் ஒன்றையே கொண்டு மட்டியை வாங்கிவிட இயலாது. மட்டி தான் வாழும் நீரை இடைவிடாது உள்ளிழுத்து, அதனை வடிகட்டி இரை தேடும் உயிர். நீரில் சாக்கடை கலந்திருப்பின், அதிலுள்ள கிருமிகள் மட்டியின் உடலிலே திரண்டு தங்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு மட்டுமன்றி, மஞ்சட்காமாலையில் ஒருவகையும் இவ்வழியாகப் பரவக்கூடும். ஆதலின், விற்பவரிடம் நாம் முதலில் கேட்கவேண்டியது விலையன்று. எந்தக் கழியில் எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்பதே. மாநகரின் கழிவுநீர் கலக்கும் கழிகளில் எடுத்தது எனத் தெரிந்தால், எவ்வளவு மலிவாயினும் வேண்டாவென விட்டுவிடுதலே அறிவுடைமை. பெருமழைக் காலத்தில் அழுக்கெல்லாம் கழிமுகத்தை வந்தடைவதால், அப்பொழுது இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

மட்டியை உயிருடனேயே வாங்கவேண்டும். ஓடுகள் இறுக மூடியிருத்தல் உயிருக்கு அடையாளம். சற்றே திறந்திருப்பதை விரலால் தட்டினால், உயிருள்ளது மெல்ல மூடிக்கொள்ளும், மூடாதது இறந்தது. ஓடு உடைந்ததையும், துர்நாற்றம் வீசுவதையும் கழித்துவிடுக. அளவுக்கு மிஞ்சிக் கனப்பது சில வேளைகளில் சேறு நிரம்பிய வெற்று ஓடாகவும் இருக்கும்.

வீட்டிற்குக் கொணர்ந்தபின் பலர் அதனை நல்ல தண்ணீரில் போட்டு வைக்கின்றனர். வேறு சிலர் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைக்கின்றனர். இரண்டும் கூடா. உப்புநீரில் வாழும் உயிர் நன்னீரில் மாளும். காற்றில்லாத பையிலும் மாளும். அகன்ற பாத்திரத்தில் பரப்பி, ஈரத்துணியால் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே முறை. பிற உணவின்மேல் அதன் நீர் சொட்டாதிருக்கட்டும். வாங்கிய அன்றே சமைப்பது சிறப்பு. தவறினால் மறுநாளைக் கடக்கவேண்டாம்.

மணலைப் போக்குவதற்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, அதில் மட்டியை ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் விட்டுவைக்கலாம். பின்னர்க் கையால் அள்ளி எடுக்கவேண்டும். பாத்திரத்தோடு கவிழ்த்தால் அடியில் படிந்த மணல் மீண்டும் மேலேறிவிடும். ஓடுகளைத் தேய்த்துக் கழுவி, திறந்தவற்றை மற்றொரு முறை தட்டிப் பார்த்துக்கொள்க. மணல் போயிற்றென்றால் கிருமியும் போயிற்று என எண்ணலாகாது.

சமைக்கும்போது, கொதிக்கும் நீரில் மட்டியை இட்டு, ஓடு திறந்தவுடன் இறக்கிவிடாமல், மேலும் 3 முதல் 5 நிமிடம் கொதிக்கவிடவேண்டும். பாத்திரத்தில் அளவுக்கு மீறி நிரப்பினால் நடுவிலுள்ளவை வேகா. இறுதிவரை திறவாதவற்றை எறிந்துவிடுக. வெந்த நீரைத் துணியில் வடிகட்டி, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை, தேங்காய் அரைத்த மசாலை ஆகியவற்றுடன் கூட்டிப் பிரட்டினால் ஊர்ச்சுவை வாய்க்கும். அந்நீரிலேயே உப்பு இருப்பதால், சுவை பார்த்த பின்னரே உப்பிடுக. புளியோ எலுமிச்சையோ வேகவைத்தலுக்கு ஈடாகா. கல்லீரல் நோயாளர்க்கும் கருவுற்ற தாய்மார்க்கும் முதியோர்க்கும் அரைவேக்காடு பெருந்தீங்கு விளைக்கும்.

இவ்வளவு செய்தும் அடுப்பினால் அகற்றமுடியாத ஆபத்து ஒன்று உண்டு. கடலில் சிலவகை நுண்பாசிகள் பெருகும்போது, அவற்றின் நஞ்சு மட்டியிலும் சிப்பியிலும் சேர்கிறது. நிறமோ மணமோ சுவையோ அதனைக் காட்டிக்கொடுப்பதில்லை. வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழிவதில்லை. 1981இல் தமிழ்நாட்டில் மட்டி உண்டவர்களுள் மூவர் இந்நஞ்சினால் இறந்தனர். 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி உண்டு எழுவர் மாண்டனர். இரண்டும் நம்மவர் நன்கறிந்த கரைகளே. கடல்நீர் நிறம் மாறிய காலத்திலும், எடுக்கவேண்டாமென அரசினர் அறிவித்த காலத்திலும் இவ்வுணவைத் தொடலாகாது. விடுமுறைக்குச் சென்ற இடத்தில் குழந்தைகள் பொறுக்கி வந்தார்கள் என்பதற்காகச் சமைத்துவிடவும் கூடாது.

உண்டபின் உதடும் நாவும் விரல் நுனியும் மரமரத்தால், புளித் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. அந்த நஞ்சு மூச்சுத் தசைகளையே செயலிழக்கச் செய்ய வல்லது. அதற்கு மாற்றுமருந்து இல்லை. ஆயினும் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்த்தால், செயற்கைச் சுவாசத்தால் உயிரைக் காக்கலாம். மருத்துவரிடம் இன்ன வேளையில் மட்டி உண்டோம் என்பதை முதலிலேயே சொல்லுக. உடன் உண்டவர்களையும் அழைத்துச் செல்லுக.

ஊர்ச்சுவையை நாடுவது இயல்பே. ஊரில் எடுத்த இடமும் எடுத்தவரும் நமக்குத் தெரிந்திருந்தன. இங்கே அதனைக் கேட்டறிந்தே வாங்கவேண்டியுள்ளது. கேட்ட கேள்விக்கு விடை கிடையாத நாளில், அன்றைய குழம்பு மீன் குழம்பாகவே இருக்கட்டும்.