கத்திரி வெயிலில் தட்டான் வேட்டை: கேமராவால்!

மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரலாம். பூவோ பறவையோ, காலையிலும் மாலையிலும் எடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தட்டான் மட்டும் விதிவிலக்கு. உடல் சூடேறினால்தான் அதன் பறக்கும் தசைகள் சரியாக வேலை செய்யும். அதனால் வெயில் ஏறிய பிறகுதான் குளக்கரையில் கூட்டம் சேரும்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். வாரத்தில் ஐந்து நாள் மானிட்டர் முன்னால்தான் வாழ்க்கை. சனிக்கிழமை மட்டும் சென்னைப் புறநகரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் குட்டைக்குப் போய்விடுவேன். அங்கே எனக்குப் பயன்பட்ட விஷயங்களை இங்கே தருகிறேன்.

துரத்தாதீர்கள், காத்திருங்கள்

ஆண் தட்டான் கரையில் தனக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு காவல் காக்கும். பறந்து போனாலும் பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும். எனவே குச்சியின் நுனியை ஃபோகஸ் செய்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். பெரிய தட்டான்களுக்கு ஒவ்வொரு கூட்டுக்கண்ணிலும் சுமார் 30,000 சிறு லென்ஸ்கள் உண்டு! உங்கள் நிழல் அதன் மேல் விழுந்தால் அவ்வளவுதான், பறந்துவிடும். மொபைலில் எடுப்பவர்கள் அருகில் நெருங்காமல், டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

உச்சி வெயிலில் மட்டுமே கிடைக்கும் காட்சி ஒன்று உண்டு. சில தட்டான்கள் வாலைச் சூரியனை நோக்கித் தூக்கி, தலைகீழாக நிற்பது போல நிற்கும். வெயில் படும் உடல் பரப்பைக் குறைத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும் உத்தி இது. ஆங்கிலத்தில் 'ஒபெலிஸ்க்' நிலை என்கிறார்கள்.

செட்டிங் என்ன?

தெளிந்த வெயிலுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அபர்ச்சர் எஃப்/16 என்றால், ஐஎஸ்ஓ எண் எவ்வளவோ அதுவே ஷட்டர் வேகத்தின் கீழ் எண். அதாவது ஐஎஸ்ஓ 200-க்கு 1/200 விநாடி. அபர்ச்சரை இரண்டு ஸ்டாப் திறந்து எஃப்/8 வைத்தால் 1/800 விநாடி கிடைக்கும். உட்கார்ந்திருக்கும் தட்டானுக்கு இது தாராளம்.

சிவப்புத் தட்டானின் தந்திரம்

குட்டைகளில் பளீரென்று சிவப்பாகத் தெரியும் ஆண் தட்டான், க்ரோகோதெமிஸ் சர்விலியா. படத்தில் இது பலருக்கும் வெறும் சிவப்புத் திட்டாக விழும். கேமராவின் ஹிஸ்டோகிராமோ எல்லாம் சரி என்று காட்டும். ஏன்?

ஒரே வெள்ளை வரைபடமாகத் தெரியும் ஹிஸ்டோகிராம் பிரகாசத்தை மட்டும் காட்டுகிறது. அந்தக் கணக்கில் பச்சைக்குச் சுமார் 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11. சிவப்பு 255 என்ற உச்சத்தைத் தொட்டு, மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தாலும் பிரகாசம் 76 என்றுதான் வரும். வரைபடத்தில் அது இடது பக்கம், 'இருட்டு' என்று நிற்கும்! ஆனால் உண்மையில் சிவப்பு சேனல் நிரம்பி வழிந்து, உடல் கண்டங்களின் எல்லைகளும் நுண்ணிய நிழல்களும் அழிந்திருக்கும். வகையைக் கண்டுபிடிக்க உதவுவதே இவைதானே?

தீர்வு எளிது. மெனுவில் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் தேர்வு செய்யுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் முட்டினால் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -0.7 அல்லது -1-க்குக் குறையுங்கள். ரா ஃபைலாகச் சேமித்தால் இன்னும் நல்லது. ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் தரும். 14 பிட் ரா 16,384 படிகள் தரும்.

சூடு ஜாக்கிரதை

பல கேமராக்களுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் வெப்ப வரம்பு 40 டிகிரி, ஐஃபோனுக்கு 35. சென்னையின் மே மாதம் இரண்டையும் தாண்டும். கேமராவை மூடிய காரில் வைக்காதீர்கள். வெள்ளைத் துணியால் போர்த்துங்கள். லைவ் வியூவை அவசியமானால் மட்டும் போடுங்கள். உங்களுக்கும் தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

படத்தை என்ன செய்வது?

ஹார்ட் டிஸ்கில் தூங்கவிடாதீர்கள். 2008-ல் பெர்க்லி மாணவர்கள் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேதி, இடத்துடன் ஏற்றுங்கள். வகைப்பெயரில் பார்வையாளர்கள் உடன்பட்டால் அது ஆய்வுத் தரப் பதிவாகும். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்ஸிஃப் தகவலில் பதிவாவது அந்தத் தேதிதான்.

எங்கள் குட்டையின் வடக்குக் கரையில் இப்போது லாரியில் மண் வந்து விழுகிறது. 'அது வெறும் சாக்கடைத் தேங்கல்தானே' என்கிறார்கள். இந்தக் கோடையில் மட்டும் நான் அங்கே பதிவு செய்த தட்டான் வகைகள் ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் தேதியும் இடமும் இருக்கிறது. அந்தப் பட்டியலைக் குடியிருப்போர் சங்கத்தின் மனுவோடு இணைத்திருக்கிறோம். உங்கள் ஊர்க் குளத்துக்கும் இப்படி ஒரு பட்டியலைத் தயார் செய்யுங்கள். தேவைப்படும் நாளில் புதிதாகத் தயாரிக்க முடியாது!