எட்டுக் கடைக் கணக்கு... ஒரே ஒரு உடம்பு!

ஒரே முதலாளியிடம் வேலை பார்ப்பவருக்கு ஒரு வசதி உண்டு. 'இதை முதலில் முடிக்கட்டுமா, அதை முடிக்கட்டுமா?' என்று அவரிடமே கேட்டுவிடலாம். வீட்டிலிருந்தபடியே பலருக்கு வேலை செய்து கொடுப்பவர்களுக்கு அது முடியாது. ஜாக்கெட் தைப்பவர், மொழிபெயர்ப்பவர், கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்... இவர்களுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு முதலாளி! 'என் வேலைதான் முதல்ல' என்று ஒவ்வொருவரும் சொல்வார். மொத்தப் பாரம் எவ்வளவு என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான்.

அந்தப் பாரத்தைத் தலைக்குள்ளேயே வைத்துச் சுமப்பவர்கள், கடைசியில் வந்து நிற்பது எங்களைப் போன்ற வைத்தியர்களிடம்!

அடக்கக் கூடாதவை 14

சித்த மருத்துவம் 14 வேகங்களைச் சொல்கிறது. உடம்பு தானாக எழுப்பும் உந்துதல்கள் இவை. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, இருமல், கண்ணீர் எல்லாம் இதில் அடக்கம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பாடத்தில் முக்கியமான பகுதி.

பல பேருக்கு வேலை செய்பவர்கள் முதலில் அடக்குவது நான்கு: பசி, தாகம், சிறுநீர், தூக்கம். 'இந்த ஒரு பில்லை முடிச்சிட்டு எழுந்திருக்கிறேன்' என்பார்கள். ஒன்று பத்தாகும், மணி மூன்றாகும்.

என்னிடம் வந்த ஒரு சகோதரி, எட்டுக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்ப்பவர். நெஞ்செரிச்சல், சிறுநீர்க் கடுப்பு, கழுத்து வலி மூன்றும் இருந்தன.

''எப்பம்மா அதிகமாகுது?''

''மாசா மாசம் பத்தாம் தேதி வாக்குல, டாக்டர்!''

நாடியோடு சேர்த்துக் காலண்டரையும் பார்க்க வேண்டிய கேஸ் இது!

கோளாறு எங்கே?

மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைகளுக்கு, விற்பனை விவரம் தரும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போக வேண்டும். வரி கட்டும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி கெடு. டி.டி.எஸ். பிடித்தால் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். வரி உள்ள கடை 3பி-யைத் தாமதித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், அதோடு வட்டி. அந்தப் பயம் நம் வயிற்றைத்தான் முதலில் தாக்கும்.

அவரையே கணக்குப் போடச் சொன்னேன். ஒரு கடைக்கு 5 மணி நேரம். எட்டுக் கடைக்கு 40 மணி நேரம். கடைக்காரர்கள் பில்களைத் தருவதோ 8-ஆம் தேதி இரவு! மீதி மூன்று நாளில் 40 மணி நேரம் என்றால், தினம் 13 மணி நேரத்துக்கு மேல். சமையல், குழந்தைகள் தனி. அதே 40 மணி நேரத்தை 20 நாட்களுக்குப் பிரித்தால் தினம் இரண்டே மணி நேரம்! வேலை அளவு மாறவில்லை. வந்து சேருகிற விதம்தான் நோயைக் கொடுத்திருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு காலண்டர்: ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நோட்டில் தனிப் பக்கம். என்ன வேலை, எப்போது தருவதாகச் சொன்னோம், அவரிடமிருந்து வர வேண்டியது என்ன, கூலி பாக்கி எவ்வளவு... நான்கே விஷயம். எல்லோருடைய கெடுவும் ஒரே மாதக் காலண்டரில் இருக்கட்டும். அரசாங்கக் கெடுவுக்கு மூன்று நாள் முன்னால் 'நம்ம கெடு' ஒன்றைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

வாரா வாரம் பில்: ''சனிக்கிழமை சனிக்கிழமை பில்லை அனுப்பிடுங்கண்ணே'' என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை அன்றைக்கே அந்தந்தக் கடையின் பெயரில் தனித்தனியாகச் சேமியுங்கள்.

ஒரு பொழுதுக்கு ஒரு கடை: நம் முன்னோர் நாளின் 60 நாழிகையை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தார்கள். ஒன்று 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். ஒரு பொழுதில் ஒரு கடையின் வேலை மட்டும். கடை விட்டுக் கடை தாவினால்தான் தப்பும் தலைவலியும்.

போனுக்கு நேரம்: காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். இதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கடைக்காரர் போனுக்கு வரும் ஓ.டி.பி.க்காக ராத்திரி பதினொரு மணி வரை காத்திருப்பவர்கள் உண்டு. 'நாளைக்கு 11 மணிக்குக் கூப்பிடுவேன், போன் கையில இருக்கட்டும்' என்று முதல் நாளே சொன்னால் போதும்.

அந்தச் சகோதரி இதைச் செய்தபோது ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார். எட்டாமவரை விட்டுவிட நேர்ந்தது. வருமானம் கொஞ்சம் குறைந்ததுதான். ஆனால் மருந்தோடு இதுவும் சேர்ந்தபோது, மூன்றாம் மாதம் பத்தாம் தேதி வலி இல்லாமல் கடந்தது.

உடம்புக்கான பக்கம்

நோட்டின் முதல் பக்கம் உடம்புக்கு! நண்பகல், பித்தத்தின் பொழுது. அப்போது எழும் பசியைக் காபியால் ஏமாற்றினால் குன்மம் எனும் வயிற்று நோய்க்கு வழி. ஒரு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். பக்கத்தில் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் ஒரு செம்பில் இருக்கட்டும். மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். சிறுநீர் வந்தால் பில் காத்திருக்கட்டும். இரவு பத்துக்குக் கம்ப்யூட்டரை மூடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சிறுநீர்க் கடுப்போடு குளிர்காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், மலம் தார் போலக் கறுப்பாகப் போவது, கையில் மரமரப்பு... இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

ஒன்றாம் தேதி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, யார் யாருக்கு என்னென்ன பாக்கி என்று எழுதிப் பாருங்கள். இன்று ராத்திரியே தூக்கம் கொஞ்சம் சுலபமாக வரும்!