ராய கோபுரம் டி-ஷர்ட்டும் "அடுத்த மாசம்" எஸ்.ஐ.பி-யும்

நம்ம வீடியோவுக்குக் கீழே அடிக்கடி வர்ற ஒரு வரி: "ப்ரோ, அடுத்த மாசத்துல இருந்து கண்டிப்பா எஸ்.ஐ.பி ஆரம்பிக்கிறேன்." இதை டி-ஷர்ட்லயே அடிச்சுப் போட்டுக்கலாம். தமிழ் வாசக டி-ஷர்ட்தான் இப்போ பாதி ஆபீஸ்ல வெள்ளிக்கிழமை யூனிஃபார்ம் ஆச்சே.

மதுரைக்காரங்களுக்குன்னு வரலாறு கலந்து ஒரு சோம்பேறி டி-ஷர்ட் டிசைன் பண்ணச் சொன்னா, நான் ராய கோபுரத்தைத்தான் போடுவேன். கீழே ஒரே வரி: "வேலை நடந்துகிட்டே இருக்கு, 17-ம் நூற்றாண்டுல இருந்து."

மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு கோபுரத்தைத் தாண்டினா புதுமண்டபம். அதுக்கும் கிழக்கே, எழுகடல் தெருப் பக்கம், கடைகளுக்கு நடுவுல பிரம்மாண்டமா ஒரு கல் அடித்தளம் நிக்கும். அதுதான் ராய கோபுரம். திருமலை நாயக்கர் (ஆட்சி 1623–1659) ஆரம்பிச்சது. கோயில்ல இருக்கிற மத்த கோபுரங்களை விடப் பெருசா கட்டணும்னு பிளான். அடித்தளத்தோட நின்னுபோச்சு.

ஆனா மனுஷனை சோம்பேறின்னு சொல்ல முடியாது. அரண்மனை, வண்டியூர் தெப்பக்குளம், புதுமண்டபம் எல்லாம் அவர் காலத்துல முடிஞ்சதுதான். இது மட்டும் அளவு பெருசு, காலம் பத்தல.

இன்னொரு டி-ஷர்ட்டும் மதுரைலயே இருக்கு. 1921 செப்டம்பர் 22 காலைல, மேலமாசி வீதி வீட்டுல இருந்து காந்தி அரையாடையோட வெளியே வந்தாரே, அது. அந்த எண்ணம் அன்னைக்குத் திடீர்னு வந்ததில்லை. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்து தள்ளிப்போயிருக்கு, அவரே எழுதியிருக்காரு. வாசகம் இப்படி வைக்கலாம்: "முதல் ரெண்டு தடவை நானும் யோசிச்சேன்."

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருப்பேன்னு அவர் முதல்ல சொல்லல. குறைஞ்சபட்சம் அக்டோபர் 31 வரைக்கும்னுதான் அறிவிச்சாரு. நாற்பது நாள் டிரையல்! அப்புறம் கடைசி வரைக்கும் அதே உடைதான்.

நம்ம ஆளுங்க எஸ்.ஐ.பி-யை ராய கோபுரம் மாதிரி பிளான் பண்றாங்க. "இன்கிரிமென்ட் வரட்டும், பைக் லோன் முடியட்டும், ஒரேயடியா பத்தாயிரமா போடலாம்." இலந்தைக்குளம் ஐ.டி பார்க்ல வேலைக்குச் சேர்ந்த 23 வயசுப் பையன் ஒருத்தன்னு வச்சுக்குங்க. மாசம் 2,000 ரூபாய், 58 வயசு வரைக்கும். வருஷத்துக்கு சராசரி 10% வளர்ச்சின்னு ஒரு அனுமானம் (கியாரண்டி கிடையாது, மார்க்கெட்). 35 வருஷத்துல சுமார் 76 லட்சம். அதையே 28 வயசுல ஆரம்பிச்சா சுமார் 45 லட்சம்தான். அந்த அஞ்சு வருஷத்துல அவன் போடாம விட்டது வெறும் 1,20,000 ரூபாய். குறையறது 31 லட்சம்.

76 லட்சம்னு கேட்டதும் குதிக்காதீங்க. விலைவாசி வருஷம் 6% ஏறுதுன்னு பிடிச்சா, இன்னைய மதிப்புல அது சுமார் 10 லட்சம். 45 லட்சம்ங்கிறது சுமார் 6 லட்சம். இதைச் சொல்லாம பெரிய நம்பரை மட்டும் தம்ப்நெயில்ல போடுறவங்களை நம்பாதீங்க. சரி, லேட்டா ஆரம்பிச்சவன் அதே 76 லட்சத்தைப் பிடிக்கணும்னா? மாசம் 3,360 ரூபாய் போடணும், 30 வருஷத்துக்கும்.

பி.பி.எஃப் போடுறவங்களுக்கு: ஒவ்வொரு மாசமும் 5-ம் தேதி முடிஞ்சதுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் உள்ள குறைஞ்ச இருப்புக்குத்தான் வட்டி. 1.5 லட்சத்தை ஏப்ரல் 5-க்குள்ள போட்டா, 7.1% வட்டிக்கு அந்த வருஷமே 10,650 ரூபாய். மார்ச் கடைசி வாரம் ஓடிப்போய் போட்டா அந்த வருஷத்துக்கு அதுமேல வட்டி பூஜ்யம். ஒரு லேட்டுக்கு இருபது டி-ஷர்ட் காசு.

காசே செலவில்லாத, ஆனா எல்லாரும் தள்ளிப்போடுற வேலை ஒண்ணு இருக்கு: பி.எஃப் நாமினேஷன். யு.ஏ.என் லாகின், ஆதார் ஓ.டி.பி, அவ்வளவுதான். பி.எஃப் பணம் மட்டும் இல்ல, வேலைல இருக்கும்போதே நமக்கு ஏதாவது ஆச்சுன்னா அதோட சேர்ந்த இன்ஷூரன்ஸ்ல குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும். நாமினி இல்லேன்னா அம்மா அப்பா அந்த நேரத்துல வாரிசு பேப்பரைத் தூக்கிட்டு அலையணும். கல்யாணம் ஆயிடுச்சா? புதுசா போடுங்க, பழசை நம்பி இருக்காதீங்க.

டி-ஷர்ட் வாங்கறதை நான் தடுக்கல. 499 ரூபாயை மிச்சம் பிடிச்சு யாரும் வீடு கட்டினதில்லை. புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின தையல்காரங்ககிட்ட காலைல துணி கொடுத்தா சாயங்காலம் சட்டையா வாங்கிட்டுப் போற ஊரு இது. சம்பளம் 1-ம் தேதி வருதுன்னா எஸ்.ஐ.பி தேதியை 5-ன்னு வைங்க. 500 ரூபாய், மூணு மாசம் டிரையல். பிடிக்கலேன்னா ஆப்லயே நிறுத்திக்கலாம், அதுக்கு அபராதம் கிடையாது.